ஒரே உடல், இரண்டு ஆள்

பழைய பாணி சூப்பர்ஹீரோ படங்களைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அவற்றின் எளிமையைச் சொல்வார்கள். நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொன்றுக்காக. நம்மைப்போன்ற ஒருவன் வீரனாக மாறுவதை, மாறும் அந்த இடத்திலேயே, அந்தப் படங்கள் நமக்குக் காட்டிவிடுகின்றன.

1941இல் ரிபப்ளிக் நிறுவனம் 12 அத்தியாயங்களாக வெளியிட்ட ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ தொடர்படத்தில் பில்லி என்ற பையன் மந்திரச் சொல்லைச் சொல்வான், புகை கிளம்பும், விலகினால் கேப்டன் மார்வெலாக டாம் டைலர் நிற்பார். அவர் பறப்பதற்காகத் தந்திரக்காட்சி நிபுணர்களான லைடெக்கர் சகோதரர்கள் ஆளைவிடச் சற்றுப் பெரிய பொம்மை ஒன்றைச் செய்து, திறந்தவெளியில் கம்பிகளின்மீது சறுக்கவிட்டார்கள். தாவிக் கிளம்புவதற்கு டேவிட் ஷார்ப் என்ற ஸ்டண்ட் நடிகர் இருந்தார். தாவியது மனிதன், சறுக்கியது பொம்மை. ஆனால் இரண்டையும் ஒட்டிப் பார்க்கையில் கனமுள்ள ஓர் உடல் மண்ணைவிட்டு எழுவதாகவே கண் நம்பிவிடுகிறது. 1948இல் வந்த ‘சூப்பர்மேன்’ தொடர்படத்தில் கிர்க் ஆலின் பறக்கத் தொடங்கியதும் கார்ட்டூன் சித்திரமாகிவிடுவார். கதை தொடர்ந்து போகும், உடல் அங்கேயே அறுந்துபோகும்.

அந்த அறுபட்ட இடத்தை ஒட்டவைத்தது ரிச்சர்ட் டோனரின் ‘சூப்பர்மேன்’ (1978). ஸோரான் பெரிசிக், படமெடுக்கும் கேமராவிலும் பின்னணிக் காட்சியைத் திரையில் பாய்ச்சும் கருவியிலும் ஸூம் லென்ஸ்களைப் பொருத்தி, இரண்டும் சேர்ந்தே இயங்கும்படி செய்தார். நடிகர் இருந்த இடத்தில் இருக்க, அவர் நம்மை நோக்கிப் பறந்து வருவதாகத் தோன்றியது. கருவி பாதி வேலைதான் செய்தது. மீதியைச் செய்தது சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் உடல். விமானம் ஓட்டத் தெரிந்தவர் அவர். திரும்பும்போது தோளைச் சாய்ப்பதிலேயே அது தெரியும்.

டோனர் அவசரப்படவில்லை. முக்கால் மணி நேரம் கழிந்த பிறகே நீல உடை கண்ணில் படுகிறது. பிறகு அந்த ஹெலிகாப்டர் காட்சி. பத்திரிகை அலுவலக மாடியில் ஹெலிகாப்டர் கேபிளில் சிக்கிச் சரிகிறது; நிருபர் லோயிஸ் தொங்குகிறாள். அவளுடைய தொப்பி கீழே விழுந்து கிடப்பதைத் தெருவில் நிற்கும் கிளார்க், அதாவது சாதாரண ஆள் வேடத்திலிருக்கும் சூப்பர்மேன், பார்க்கிறான். உடை மாற்றத் தொலைபேசிக் கூண்டு தேடினால், புது மாதிரியில் பாதி உயரத்துக்கே மூடியிருக்கிறது! சுழல்கதவுக்குள் ஓடுகிறான். விழுபவளை ஒரு கையில் ஏந்தி, பின்னாலேயே விழும் ஹெலிகாப்டரை மறு கையில் பிடிக்கிறான். காப்பாற்றிய பின், விமானப் பயணத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பணிவாக அவளுக்கு எடுத்துச் சொல்கிறான். அதே இரவில் மரத்தில் மாட்டிய பூனையையும் இறக்கிக் கொடுக்கிறான். இரண்டு வேலையும் அவனுக்கு ஒன்றுதான்.

ஆனாலும் படத்தின் உச்சம் எனக்கு லோயிஸ் வீட்டுக் காட்சி. அவள் அந்தப் பக்கம் போனதும் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லிவிடப் பார்த்து, துணிவில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி சுருங்கிவிடுகிறான். உடை மாறவில்லை, தந்திரக்காட்சியும் கிடையாது. மூக்குக்கண்ணாடி போட்டால் ஆள் அடையாளம் தெரியாமல் போகுமா என்ற பழைய கேலிக்கு ரீவ் தன் முதுகெலும்பாலேயே பதில் சொல்லிவிட்டார்.

ஜோ ஜான்ஸ்டனின் ‘தி ராக்கெட்டியர்’ (1991) படத்தின் கிளிஃப்போ நம்மைப்போலவே எந்தச் சக்தியும் இல்லாத விமானி. 1938ஆம் ஆண்டில் நடக்கும் கதை. முதுகில் கட்டிய ராக்கெட்டில் ஓட்டை. அதைச் சூயிங்கம் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். கடைசியில் வில்லன் ராக்கெட்டைக் கேட்கும்போது, அந்தச் சூயிங்கமைப் பிய்த்துவிட்டுத்தான் கிளிஃப் ஒப்படைக்கிறான். வில்லன் வானிலேயே தீப்பிடித்து விழுகிறான்.

கணினி வந்ததால் இதெல்லாம் போயிற்று என்பதை நான் ஏற்கமாட்டேன். சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்மேன் 2’ (2004) கணினிப் படம்தான். ரயிலை நிறுத்தும்போது அங்கே தெரிவது முகமூடியில்லாத டோபி மெகுவையரின் முகம், பல்லைக் கடித்து அலறும் முகம். 2008இன் ‘அயன் மேன்’ படத்திலும் இயந்திரக் கைகள் கவசத்தைத் துண்டுதுண்டாக டோனி ஸ்டார்க்மீது பூட்டி முறுக்குவதை ஆசையாகப் பார்க்கலாம். பத்து வருடத்தில், ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில், அதே கவசம் நெஞ்சிலிருந்து கசிந்து கண்மூடித் திறப்பதற்குள் உடம்பை மூடிவிடுகிறது. அவன் எப்போது மாறினான் என்பதைப் பார்க்க நமக்கு நேரமே தரப்படுவதில்லை.