குளவி தந்த கோடிகளுக்கு யார் கணக்கு எழுதுவது?

2008-இல் கோவையில் அடையாளம் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஓரிரு வருடங்களில் கொங்கு வட்டாரத்தையே ஆட்டிவைத்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் அது விடவில்லை. வரப்போரப் பார்த்தீனியத்திலும் ஒண்டிக்கொண்டது. இலையின் அடியிலும் தண்டிலும் பஞ்சு அப்பினாற்போல் வெள்ளைத் திட்டுகள். அது கசியவிடும் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகும். உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அடித்தாலும் லேசில் சாகாது. மல்பெரி வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மருந்து பட்ட தழையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியுமா?

2010-இல் பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டார்கள். அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவி வேலையை முடித்துவிட்டது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளர்ந்து, வெறும் கூட்டில் துளைபோட்டு வெளியே வரும் குளவி இது.

இதனால் விளைந்த நன்மையைப் பொருளியல் முறைப்படி மதிப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளிவந்தது. முதல் ஆண்டில் 12.1 கோடி முதல் 30.9 கோடி டாலர், ஐந்தாண்டில் 52.4 கோடி முதல் 134 கோடி டாலர். இத்தகைய மதிப்பீடு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. குளவியை மூட்டைகட்டி விற்க முடியாது. அதற்கு விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனியும் வராது. தொகை சொல்லாவிட்டால் நிதித்துறையின் கண்ணுக்கு அந்த ஆராய்ச்சியே தெரியாது. ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்கிய குளவித் திட்டத்துக்கு ஒன்றுக்கு 149 மடங்கு பலன் என்று 1988-இல் போட்ட கணக்குதான் இத்துறைக்கே கௌரவம் தேடித் தந்தது.

ஆனால் கீழ்மதிப்புக்கும் மேல்மதிப்புக்கும் இடையே இரண்டரை மடங்கு இடைவெளி. மேடைகளில் பெரிய எண்தான் முழங்கும். மதிப்பிட்டவர்களுள் சிலர் அந்தத் திட்டத்தோடு தொடர்புடையவர்கள். அது குற்றமல்ல, விவரம் தெரிந்தவர்களும் அவர்கள்தாம். என்றாலும் வெளியாள் ஒருவர் சரிபார்த்திருந்தால் எண்ணுக்கு வலு கூடியிருக்கும். குளவி விடாத ஊரோடு ஒப்பிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. அது தானாகப் பறந்து அடுத்த ஊருக்கும் போய்விடுகிறது. திட்டம் ஜெயிக்க ஜெயிக்க ஒப்பிட வயல் மிஞ்சாது. ஆகவே குளவியை விடுவதற்கு முன்பே சேதத்தை ஊர்வாரியாக எழுதிவைக்க வேண்டும். பூச்சி அடங்கிய பிறகு, ‘போன வருஷம் எவ்வளவு போச்சு?’ என்று விவசாயியைக் கேட்டால் உத்தேசமாகத்தான் பதில் வரும்.

என்னை அதிகம் உறுத்துவது தாமதம். இந்தக் குளவி குவாமில் 2002-இலேயே விடப்பட்டுப் பலன் தந்தது. இலங்கை 2009-இல் இறக்கிவிட்டது. நமக்கு 2010 ஆனது. அந்நிய உயிரினம் என்றால் தனிமைப்படுத்திச் சோதிப்பது அவசியம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு நன்மை குறைந்தது 12 கோடி டாலர் என்றால், ஓராண்டு தாமதத்தின் விலையும் ஏறத்தாழ அதுதானே? வரவை எழுதிய அதே பேரேட்டில் இந்தச் செலவையும் எழுதவேண்டாமா? குளவி வருவதற்குள் மல்பெரியைப் பிடுங்கிப்போட்டவருக்கு ‘மொத்த நன்மை’யில் பங்கு ஏது?

இன்னொன்று, ஜெயித்த திட்டங்களே மதிப்பீட்டுக்கு வருகின்றன. தோற்றவை கோப்போடு மூடப்படுகின்றன. அவற்றைச் சேர்க்காமல் ‘ஆராய்ச்சிக்குப் போட்ட ரூபாய் இத்தனை மடங்காகத் திரும்பும்’ என்று சராசரி சொல்வது சரியான கணக்கல்ல.

ஆப்பிரிக்காவைப் படுத்திய அந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. பெனினிலிருந்து குளவி தருவிக்கப்பட்டு 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இதன் பலனைக் கணக்கிடப்போகிறவர்கள் லாபத்தோடு மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும்: குளவி வர எத்தனை மாதமானது, அந்த மாதங்களில் யாருக்கு எவ்வளவு நட்டம், கணக்கைச் சரிபார்த்த வெளியாள் யார்.