கறுத்த மினாராவும் காணாத தூணும்

அந்திச் செவ்வானம், அதன் முன்னே கறுத்து நிற்கும் ஒரு குவிமாடம், இரண்டு மினாராக்கள். நம்மவர் வெளியிடும் சிறப்பு மலர்களின் அட்டையிலும் நாட்காட்டிகளிலும் இப்படத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். கண்ணுக்கு இனியதுதான். ஆயினும், அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

நிழலுருப் படத்தின் நுட்பம் எளியது. கேமிராவின் ஒளியளவை வானத்தின் வெளிச்சத்திற்கேற்ப அமைத்துவிட்டால், முன்னே நிற்கும் பொருளுக்குப் போதிய ஒளி கிட்டாது. அது கருமையாகவே பதியும். எஞ்சுவது புறக்கோடு ஒன்றே. புகைப்படக் கலை 1839-இல் உலகறிய வெளிப்படுவதற்கு முன்பே, ஐரோப்பாவில் மனிதரின் பக்கத் தோற்றத்தைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டி மகிழ்ந்தனர். 1759-இல் பிரான்சின் நிதியமைச்சராக இருந்த எத்தியேன் டி சிலுவெட்டின் பெயரே அவ்வகைப் படத்திற்கு வழங்கலாயிற்று.

இக்கலையைப் பழிக்க நாம் முன்வரவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் நாகூர் தர்காவில் எழுப்பிய 131 அடிப் பெரிய மினாராவை அந்தியில் படம் பிடித்தால், அதன் உயரம் சொல்லாமலே விளங்கும். தொழுது நிற்பவரின் முகத்தை மறைத்து, அவருடைய பணிவை மட்டும் காட்டுவதிலும் ஒரு கண்ணியம் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. புறக்கோடு நாம் முன்பே அறிந்ததை நினைவூட்டும், அறியாததை அறிவிக்காது. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழம்பெரும் பள்ளிவாசல்களை எண்ணிப் பாருங்கள். தட்டையான கற்கூரை, வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், அவற்றில் கொடியும் பூவுமாய்ச் செதுக்கு வேலை. மனித உருவோ விலங்குருவோ இன்றித் தமிழகத்துச் சிற்ப மரபு இறையில்லத்திற்கு இசைந்து நின்ற இடங்கள் அவை. பிற்காலத்தில் சேர்ந்த மினாராக்களை நீக்கிவிட்டு அந்தி வானின் முன் பார்த்தால், ஒரு நீண்ட கறுப்புக் கோடுதான் மிஞ்சும். அட்டைப் படத்திற்கு ஆகாதென அவை ஒதுக்கப்படுவதில் வியப்பென்ன? குவிமாடமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என்று நம் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவர். பழைய கல்மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டத் துணிவு தரக்கூடிய எண்ணம் அது.

நம் நாட்டில் கிப்லா மேற்கே இருப்பதால், பள்ளிவாசலின் முன்மண்டபம் கிழக்கு நோக்குகிறது. மஃரிபு வேளையில் அதன் முன்னே கேமிராவுடன் நிற்பவர் ஒளிக்கு எதிராகவே நிற்கிறார், கல் கறுக்கிறது. அவரே சுப்ஹு தொழுதுவிட்டுக் கதிரவன் எழும்வரை சற்றுக் காத்திருக்கட்டும். இளவெயில் மண்டபத்தின் உள்வரை செல்லும். தூணில் இருக்கும் பூவின் இதழ்களையும் எண்ணிவிடலாம்.

அந்திப் படங்கள் வரட்டும். அடுத்த மலருக்கு அட்டை தேடும் அன்பர்கள், அவற்றோடு அந்தக் காலைப் படம் ஒன்றையும் சேர்த்துத் தருவார்களாக.