திரும்பி வரும் உறை

'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' எழுத முனைந்தோர் பலருக்கும் ஏடுகளிலிருந்து முதன்முதலாகக் கிட்டும் மறுமொழி இதுவே. தபால்தலை ஒட்டி, நம் கையாலேயே விலாசம் எழுதி வைத்தனுப்பிய உறை, நம் கதையைச் சுமந்துகொண்டு நம் வாசலுக்கே திரும்பி வரும். இவ்வேதனையை இலக்கியமாக்கியோருள் தலைசிறந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டன் (1876–1916). 1909இல் நூலுருப் பெற்ற அவருடைய 'மார்ட்டின் ஈடன்' பெரிதும் அவர்தம் வாழ்வைத் தழுவியது.

கதைத்தலைவன் மார்ட்டின் ஒரு கப்பல் தொழிலாளி. செல்வக்குடியில் பிறந்த ரூத் என்பாள் மீது கொண்ட காதலால் கல்வி கற்று, எழுத்தாளனாக முயல்கிறான். அனுப்பியவை யாவும் திரும்புகின்றன. மேலங்கியும் மிதிவண்டியும் அடகுக்கடைக்குப் போகின்றன. பத்திரிகை அலுவலகத்தில் மனிதரே இல்லை, கதையை ஓர் உறையிலிருந்து மற்றோர் உறைக்கு மாற்றும் பற்சக்கர எந்திரமே உள்ளது என அவனுக்குத் தோன்றுகிறது. காரணம் கூறாது மறுக்கப்பட்டவனின் உள்ளத்தை இதனினும் கூர்மையாக உரைத்தல் அரிது. ஆயினும், பத்திரிகாசிரியர்கள் பெரும்பாலும் எழுத்தில் தோற்றவர்களே என்று அவன் பேசுமிடத்தில் நாம் உடன்படுவதற்கில்லை. அது கசப்பின் குரலேயன்றித் தீர்ப்பாகாது.

நாவலின் உயிர்நிலை வேறோரிடத்தில் உளது. ஒரு வேலையைத் தேடிக்கொள் என வற்புறுத்தும் ரூத், அவன் எழுத்தை நம்பினாளில்லை. அக்காள் கணவனோ அவனை ஏளனம் செய்கிறான். பின்னர்ப் பெயரும் பொருளும் குவிந்தபோது, பசித்த நாளில் ஒருவேளை உணவுக்கு அழையாதோர் விருந்துக்கு அழைக்கின்றனர். இவை அன்றே எழுதி முடித்தவைதாமே, அன்று ஏன் அழைக்கவில்லை என்னும் வினா அவனை அரிக்கிறது. வெற்றி அவனுக்கு மருந்தாகவில்லை. இறுதியில் கடலில் தன்னை மாய்த்துக்கொள்கிறான்.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆன் ரைட்டிங்' என்னும் நினைவு நூல். சிறுவயதில், மறுப்புச் சீட்டுகளைச் சுவரில் அடித்த ஓர் ஆணியில் குத்தி வைத்தாராம். பதினான்கு வயதில் அவற்றின் பாரத்தை ஆணி தாங்காது போகவே, பெரிய ஆணி ஒன்றை அடித்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தாராம். இங்கே சினமில்லை; நகையே உண்டு.

ஒருவன் கற்பனை மாந்தன், மற்றவர் மெய்யான மனிதர். எனினும் வேற்றுமை இயல்பில் மட்டும் இல்லை, இல்லத்திலும் உளது என்பதே நம் கருத்து. கிங்கின் அன்னையார், மகன் எழுதிய கதைகளுக்குக் காசு கொடுத்து மகிழ்ந்தவர். பின்னாளில் 'கேரி' (1974) நாவலின் தொடக்கப் பக்கங்களை அவர் குப்பைக்கூடையில் எறிந்தபோது, எடுத்துப் படித்து, மேலும் எழுதுமாறு ஊக்கியவர் மனைவி டபிதா. மார்ட்டினுக்கு அத்தகைய இல்லம் வாய்க்கவில்லை.

நம் வீடுகளிலும் மகனோ மகளோ திரும்பி வந்த உறையை ஒளித்து வைத்திருக்கக்கூடும். உருப்படியான வேலையைப் பார் என்று சொல்லுமுன், அதில் ஒரு பக்கத்தையேனும் படிப்போமாக. ஏட்டின் ஏற்பு காலந்தாழ்ந்து வரலாம். வீட்டின் ஏற்பு காலந்தாழ்ந்தால் பயனில்லை.