சுடாத வெளிச்சம்
மாரி மழை ஓய்ந்த இரவில், மருதனார்மடம் சந்தையைத் தாண்டி ஏதாவது ஒழுங்கைக்குள் இறங்கினால், கிளுவை வேலியோரம் மின்மினி தெரியும். தெருவிளக்கின் கீழே தேட வேண்டாம். அதற்கு இருட்டு வேண்டும். செம்மண் தோட்டமெல்லாம் தவளைகள் கத்திக் கிடக்க, இவை சத்தமில்லாமல் பேசும். ஆண் பறந்தபடி மினுக்கும். பல இனங்களில், புல்லில் இருக்கிற பெண் உடனே மறுமொழி தராது; தன் இனத்துக்குரிய இடைவெளியைக் காத்த பிறகே ஒருதரம் மினுக்கும். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

உள்ளங்கையில் ஏந்தினால் கால்கள் குறுகுறுக்கும், வெளிச்சம் சுடாது. வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேர, லூசிஃபெரேஸ் என்ற நொதியம் அதை நடத்தி வைக்கிறது. வெப்பமாக வீணாவது மிகச் சொற்பம். ஆனால் உயிர்க்கலங்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. இல்லாமல் இது ஒளிராது. அதனால்தான் வைத்தியசாலை மேசையையும் உணவுத் தொழிற்சாலைக் கத்தியையும் துடைத்தெடுத்த பஞ்சில் இதே நொதியத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஏ.டி.பி. கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அழுக்கு மிஞ்சியிருந்தால் ஒளி கூடும். கழுவினவர் என்ன சொன்னாலும் மறுபடி கழுவ வேண்டியதுதான்.