கதவுக்கு வெளியே நிற்கும் கேமரா

மனதைக் கலங்கடிக்கும் படங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இதில் அப்படி என்ன சுகம்? நியாயமான கேள்வி. நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வரத்தான் தியேட்டருக்குப் போவார். ஆனால் அச்சமும் அருவருப்பும் கலைக்கு ஆகாதவை என்று தமிழ் மரபு ஒருநாளும் சொன்னதில்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகைக்கும் உவகைக்கும் பக்கத்திலேயே இளிவரலுக்கும் அச்சத்துக்கும் இடம் கொடுத்தார். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பேய்களோடு சேர்த்தே பாடினார். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களை வைத்துப் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அதைப் பாடப்புத்தகத்தில் வைத்துத்தான் நாம் ரசிக்கிறோம். ஆகவே பயமும் அருவருப்பும் கலைக்குள் வரலாமா என்ற கேள்வி நமக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அவற்றைக் கையாள்பவரின் கை எப்படிப்பட்டது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சினிமாவில் அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பரணியின் வழி. எதையும் மிச்சம் வைக்காமல் காட்டுவது. இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 'சலோ' (1975) அந்த வழியில் வந்த படம். இன்னொன்று, காட்டாமல் விடுவது. இந்த இரண்டாவது வழியில் யாரும் எட்டாத தூரம் போனவர் ஆஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹனேகே. 2002இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை இயக்குநர்களிடம் தங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களைக் கேட்டபோது ஹனேகே தந்த பட்டியலில் 'சலோ'வும் இருந்தது. எதிர்த்திசையில் நடந்தவர் அந்தப் படத்தின் மேல் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தார் என்பது இதிலிருந்து தெரியும்.

ஹனேகே 1942இல் மியூனிக்கில் பிறந்தவர். வியன்னா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் நாடகமும் படித்தார். நீண்ட காலம் தொலைக்காட்சியிலும் மேடையிலும் வேலை செய்துவிட்டு, 47 வயதில்தான் முதல் திரைப்படம் எடுத்தார். அது 1989இல் வெளிவந்த 'தி செவன்த் காண்டினென்ட்'. பத்திரிகையில் வந்த ஒரு உண்மைச் செய்திதான் அதன் விதை. லின்ஸ் நகரத்தில் கணவன், மனைவி, ஒரு சிறுமி. நல்ல வேலை, நல்ல வீடு, கார். மூன்று ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக அவர்கள் வாழ்க்கையைப் பார்க்கிறோம். மூன்றாவது பகுதியில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் தாங்களே அழித்துவிட்டு அவர்களும் செத்துப்போகிறார்கள். ஏன் என்று படம் சொல்லவே இல்லை.

தொடக்கத்தில் வெகுநேரம் இவர்களின் முகத்தை ஹனேகே நமக்குக் காட்டுவதில்லை. அலாரம் அடிக்கிறது, ஒரு கை அதை நிறுத்துகிறது. கால்கள் செருப்பைத் தேடுகின்றன. விரல்கள் ஷூ கயிற்றைக் கட்டுகின்றன. காலை உணவு மேசையில் கிண்ணமும் கரண்டியும்தான் தெரிகின்றன. மனிதர்களைவிடப் பொருட்கள்தான் அந்த வீட்டில் வாழ்கின்றன என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார். பிறகு, கடைசிப் பகுதியில், அதே பொருட்களை அதே கைகள் அழிக்கின்றன. சட்டைகளை வெட்டுகிறார்கள், புகைப்படங்களைக் கிழிக்கிறார்கள், மீன்தொட்டியை உடைக்கிறார்கள், கட்டுக்கட்டாகப் பணத்தைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தினமும் வேலைக்குப் போன அதே ஒழுங்கோடு இதையும் செய்கிறார்கள். ஒரு குடும்பம் சாவதைத் தாங்கிக்கொள்ளும் பார்வையாளர்கள் பணம் தண்ணீரில் போவதைத் தாங்க மாட்டார்கள் என்று ஹனேகே கணக்குப் போட்டிருந்தார். அந்தக் காட்சியில் நம் நெஞ்சு பதைக்கும்போது, அவருடைய கணக்கு நம்மிடமும் பலித்துவிட்டது என்று தெரிகிறது. இந்தப் படத்தின் அதிர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

'ஃபன்னி கேம்ஸ்' (1997) அவருடைய படங்களில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் திட்டப்பட்டதும். ஏரிக்கரை விடுமுறை வீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்திடம் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள். முட்டை கடன் கேட்டு உள்ளே நுழைகிறார்கள். மிக மரியாதையாகப் பேசிக்கொண்டே அந்தக் குடும்பத்தை வதைக்கிறார்கள். கதை இவ்வளவுதான். இதில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சாகப்போவது யார் என்று முன்னறையில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இளைஞர்களில் ஒருவன் பசிக்கிறது என்று சமையலறைக்குப் போகிறான். கேமரா அவனோடு போய்விடுகிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தனக்கு ஏதோ தின்ன எடுத்துக்கொள்கிறான். முன்னறையிலிருந்து தொலைக்காட்சியில் ஓடும் கார் பந்தயத்தின் இரைச்சல் கேட்கிறது. திடீரென்று துப்பாக்கி வெடிக்கிறது, அலறல் கேட்கிறது. அவன் கை நிற்கவில்லை, தன் வேலையைத் தொடர்கிறான். நாம் முன்னறைக்குப் போய்ப் பார்க்கத் துடிக்கிறோம். கேமரா போக மறுக்கிறது. பிறகு இரத்தம் தெறித்த தொலைக்காட்சித் திரையை மட்டும் காட்டுகிறார் ஹனேகே. பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பின் ஏறக்குறையப் பத்து நிமிடம் ஒரே ஷாட். பிள்ளையின் உடல் ஓரமாகக் கிடக்கிறது. கட்டப்பட்ட நிலையில் தாய் அசையாமல் இருக்கிறாள். வெகுநேரம் கழித்து எழுந்து, கட்டோடு குதித்துக் குதித்துப் போய்த் தொலைக்காட்சியை அணைக்கிறாள். அந்த அமைதி விழுந்ததும்தான் நடந்தது என்னவென்று நமக்கு முழுவதும் உறைக்கிறது.

கொலையைக் காட்டுவது எளிது. கொலைக்குப் பிறகான பத்து நிமிடத்தைக் காட்டத்தான் துணிச்சல் வேண்டும். வணிகப் படங்கள் வெட்டித் தள்ளும் நேரத்தை ஹனேகே எடுத்து வைத்துக்கொண்டார். நம் படங்களில் அரிவாள் ஓங்கும்போது காட்சி மெதுவாகும், பின்னணி இசை எழும், அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். செத்தவனின் வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்பது கதைக்கு வேண்டாத சங்கதி. அந்த வேண்டாத சங்கதியைத்தான் 'ஃபன்னி கேம்ஸ்' முழுமையாகப் பார்க்கச் சொல்கிறது.

அதே படத்தில் தாய் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுட்டுவிடுகிறாள். படத்தில் நம் கண் முன் ஒருவர் சுடப்படுவது இந்த ஒரு முறைதான். நாமும் ஆசுவாசமாக மூச்சு விடுகிறோம். உடனே மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தையே பின்னோக்கி ஓட்டுகிறான். சுட்டது நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. ஒரு கொலைக்கு நாம் மனதுக்குள் கைதட்டினோம் என்பது அந்த நொடியில் தெரிகிறது. நம்மைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும் இயக்குநர்கள் மிகக் குறைவு.

இந்தப் படங்களில் காதுக்குத்தான் வேலை அதிகம். ஹனேகே பின்னணி இசையைப் பயன்படுத்துவதில்லை என்றே சொல்லலாம். காட்சிக்குள் யாராவது வாசித்தாலோ கேட்டாலோதான் இசை வரும். இப்போது அழு, இப்போது பயப்படு என்று சொல்லிக்கொடுக்கும் குரல் இல்லாததால் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 'தி ஒயிட் ரிப்பன்' (2009) படத்தில் இதன் உச்சத்தைக் காணலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டில், வட ஜெர்மனியில் ஒரு கிராமம். பாதிரியார் தன் பிள்ளைகளுக்குத் தண்டனை அறிவித்திருக்கிறார். மகன் அறையிலிருந்து வெளியே வருகிறான், நடைவழியில் நடந்துபோய்ப் பிரம்பை எடுத்துக்கொண்டு திரும்புகிறான், உள்ளே போகிறான், கதவு மூடுகிறது. கேமரா நடைவழியிலேயே நிற்கிறது. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிறகு உள்ளிருந்து சத்தம் வருகிறது. தன்னை அடிக்கப்போகும் பிரம்பைத் தானே எடுத்துவரும் சிறுவனின் நடையில் அந்த ஊரின் மொத்த ஒழுக்கமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் என்ன வயதில் இருப்பார்கள் என்று கணக்குப் பார்க்கும் வேலையை ஹனேகே நம்மிடம் விட்டுவிடுகிறார். வண்ணத்தில் படம்பிடித்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய அந்தப் படத்துக்குக் கான் விழாவின் தங்கப் பனை விருது கிடைத்தது.

எனக்கு இவற்றில் ஆகச் சிறந்தது 'காஷே' (2005). பாரிஸில் ஒரு தெரு, ஒரு வீடு. அசையாத ஷாட்டில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். திடீரென்று பிம்பத்தில் கோடுகள் விழுகின்றன. காட்சி பின்னோக்கி ஓடுகிறது. நாம் பார்த்தது படத்தின் காட்சி இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு யாரோ அனுப்பிய வீடியோ டேப். டேப்பும் படமும் வித்தியாசம் தெரியாதபடி டிஜிட்டலில் எடுத்திருப்பதால், இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஷாட்டிலும் 'இதைப் பார்ப்பது யார்?' என்ற சந்தேகம் நம்மோடு உட்கார்ந்துவிடுகிறது.

டேப்புகளின் வழியே ஜார்ஜ் என்ற தொலைக்காட்சிப் பிரபலம் தன் சிறுவயதுக்குப் போக நேர்கிறது. 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்கள் மேல் போலீஸ் பாய்ந்தது. பலர் கொல்லப்பட்டார்கள், உடல்கள் செய்ன் ஆற்றில் வீசப்பட்டன. பிரான்ஸ் அதைப் பற்றிப் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. ஜார்ஜின் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்த ஒரு தம்பதி அன்று ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பவில்லை. அவர்களின் மகன் மஜீதைத் தத்தெடுக்க ஜார்ஜின் பெற்றோர் நினைத்தார்கள். ஆறு வயது ஜார்ஜ் ஒரு பொய் சொல்லி அவனை வீட்டைவிட்டு அனுப்பவைத்தான். ஒரு சிறுவனின் பொய்யில் ஒரு நாட்டின் மௌனத்தை வைத்துக் காட்டிவிட்டார் ஹனேகே.

பெரும்பாலும் காட்டாமல் விடும் இவர், இந்தப் படத்தில் ஒன்றை நேராகக் காட்டுகிறார். மஜீத் ஜார்ஜைத் தன் குடியிருப்புக்கு அழைக்கிறான். இரண்டே வார்த்தை பேசிவிட்டுத் தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். முன்பு ஒரு டேப்பில் பார்த்த அதே கோணத்தில், அசையாத ஷாட்டில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இது நடக்கிறது. படம் முழுக்கச் சேமித்த அடக்கம் அந்த ஒரு நொடியில் செலவாகிறது. இரத்தத்தை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். இவ்வளவு கொஞ்சமான இரத்தம் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. டேப்புகளை அனுப்பியது யார் என்பதற்குக் கடைசிவரை விடை இல்லை. இறுதி ஷாட்டில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். கவனிக்காதவர்களுக்கு அது வெறும் கூட்டம்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். இதில் என்ன சுகம்? வேறெந்தப் படமும் தராத விழிப்பு இதில் இருக்கிறது. ஹனேகே படம் ஓடும்போது நான் திரையின் ஓரங்களைப் பார்க்கிறேன், அடுத்த அறையின் சத்தத்தைக் கேட்கிறேன், என் மனம் எதற்கு ஆசைப்படுகிறது என்பதையும் பார்க்கிறேன். படம் முடிந்து தெருவில் நடக்கும்போதும் அந்தக் கூர்மை சில மணி நேரம் கூடவே வருகிறது. வன்முறையைச் சுவையாகச் சமைத்துத் தரும் படங்கள் நம்மை மரத்துப்போகச் செய்கின்றன. இவை மரத்துப்போன இடத்தில் மறுபடி உணர்வு வரச் செய்கின்றன. அப்போது வலிக்கத்தான் செய்யும்.

ஹனேகே பார்வையாளரைப் பள்ளிப் பிள்ளைபோல் நிற்கவைத்துப் பாடம் நடத்துகிறார் என்ற குற்றச்சாட்டு உண்டு. 'ஃபன்னி கேம்ஸ்' விஷயத்தில் அதில் உண்மை இருக்கிறது. கொலைகாரன் கேமராவைப் பார்த்துக் கண்ணடிப்பதும் நம்மிடம் கேள்வி கேட்பதும் விரலை நீட்டுவதுபோல்தான் இருக்கின்றன. 2007இல் ஆங்கிலத்தில் அதே படத்தைக் காட்சிக்குக் காட்சி மீண்டும் எடுத்தது புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் 'காஷே'வில் அந்த விரல் இல்லை. 'அமூர்' (2012) படத்தில் சுத்தமாக இல்லை. பக்கவாதத்தில் விழுந்த மனைவியை வயதான கணவன் பார்த்துக்கொள்ளும் கதை அது. ழான் லூயி த்ரந்தின்யானும் எம்மானுவேல் ரீவாவும் நடித்த அந்தப் படத்துக்கு இரண்டாவது தங்கப் பனையும் ஆஸ்கரும் வந்தன. அன்பைப் பற்றிய படத்திலும் இதே அடக்கமான கை இதே அளவு கலங்கடிக்கிறது.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில் தொடங்க வேண்டாம். 'காஷே' அல்லது 'அமூர்' பாருங்கள், பிறகு 'தி ஒயிட் ரிப்பன்', கடைசியாக அவருடைய முதல் படமான 'தி செவன்த் காண்டினென்ட்'டுக்குப் போங்கள். மனம் சரியில்லாத நாட்களிலும், வீட்டில் குழந்தைகள் விழித்திருக்கும்போதும் வேண்டாம். நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள், கைபேசியை வேறு அறையில் வையுங்கள். படம் முடிந்ததும் விளக்கம் தேடி ஓடாமல் ஒரு இரவு அதோடு இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. மறக்க முடியாது என்பதற்கு நான் உத்தரவாதம்.