25 இலக்கங்களோடு நின்றுவிட்ட எண்

36085 28850 36840 07860 36725.

படிக்க வசதியாக ஐந்தைந்தாகப் பிரித்திருக்கிறேன். மொத்தமும் ஒரே எண்தான். இதன் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசியில் ஒரு சுழியம் போட்டால் இதைவிடப் பெரிய எண் வந்துவிடும். ஒரு தாளில் இதை எழுதி, முதல் இலக்கத்தை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மூடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள்.

முதலில் 3. அடுத்து 36, இரண்டால் வகுபடும். 360, மூன்றால். 3608, நான்கால். 36085, ஐந்தால். எத்தனை இலக்கம் திறந்திருக்கிறதோ, அத்தனையால் மீதியின்றி வகுபடும். 25 வரைக்கும் இப்படியே!

கால்குலேட்டரைத் தொடாதீர்கள். பள்ளியில் படித்த வகுபடும் விதிகளே பெரும்பாலும் போதும். ஒன்பதாவது இலக்கத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் 45. பதினோராவதில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள்: 3+0+5+8+5+3 என்பதும் 24, 6+8+2+8+0 என்பதும் 24. ஆகவே 11ஆல் வகுபடும். 7, 13 போன்ற எண்கள் வரும் இடங்களில் மட்டும் பொறுமையாக வகுத்துத்தான் பார்க்க வேண்டும். 3608528ஐ ஏழால் வகுத்தால் 515504. அந்த உழைப்பு வீண்போகாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது இந்த எண்ணின் வம்சம். இதே குணமுள்ள ஓரிலக்க எண்கள் 9, ஈரிலக்க எண்கள் 45, மூவிலக்க எண்கள் 150. ஒன்பது இலக்கத்துக்கு வரும்போது 2,492. பத்திலக்கத்திலும் அதே 2,492தான். காரணம் எளிது. பத்தால் வகுபட வேண்டுமானால் கடைசியில் 0 மட்டுமே வைக்க முடியும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வாரிசு. அதற்குப் பிறகு சரிவு. அடுத்து வைக்க நம்மிடம் இருப்பவை 0 முதல் 9 வரை பத்தே இலக்கங்கள். 11, 12, 13 என்று வகுக்கும் எண் ஏறிக்கொண்டே போகும்போது, பல எண்களுக்குப் பொருத்தமான இலக்கமே அமையாமல் போகிறது. 20 இலக்கத்தில் 44 எண்கள்தான் மிச்சம். 23இல் ஆறு, 24இல் மூன்று. 25இல் இது ஒன்றே ஒன்று.

இந்த வம்சத்தில் 381654729ஐயும் தேடிப் பிடித்துப் பாருங்கள். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒருமுறை மட்டுமே வந்து, இந்த விதிக்கும் உட்படுகிற ஒரே எண் அது.

நம் எண்ணுக்கு 26ஆவது இலக்கம் ஏன் இல்லை? கடைசியில் 0 வைத்து 26ஆல் வகுத்தால் மீதி 12. மீதியில்லாமல் வகுபட இன்னும் 14 சேர வேண்டும். ஓர் இலக்கத்தால் 9க்கு மேல் தர முடியாது.