மலைநாட்டுத் துதிப்பாட்டு

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாடு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் மரமறுக்கும் ஆலைகளுக்கும் பேர்பெற்றது. அந்நாட்டில், வர்ஜீனியா மாநிலத்தில் 1927-ல் பிறந்து 2016-ல் மறைந்த ரால்ப் ஸ்டான்லி, 1971-ல் வெளியிட்ட 'கிரை பிரம் தி கிராஸ்' என்னும் இசைத்தட்டை நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

பாஞ்சோ, மாண்டலின், பிடில், கிட்டார் முதலிய நரம்புக் கருவிகளின் விரைந்த ஓட்டத்தால் அமைவது 'புளூகிராஸ்' இசை. எனினும் இத்தட்டில் நம் உள்ளத்தைக் கவர்வது, கருவி யாதுமின்றிக் குரல்கள் மட்டுமே இசைந்தெழும் 'பிரைட் மார்னிங் ஸ்டார்' என்னும் பாட்டே. ஸ்டான்லியின் மெல்லிய, உச்சமேறிய குரலில் பகட்டில்லை, துயரமுண்டு. அவர் வளர்ந்த பழைமை பாப்டிஸ்ட் சபையில் வாத்தியம் விலக்கு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் யாவரும் தொடர்ந்து பாடுவர். ஆதலின் எழுத்தறியாதவனும் அங்கே பாடகனே. கூலிக்காரன் பேசும் மொழியே துதிமொழி. இதனை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

போற்றவியலாததும் ஒன்றுண்டு. துன்பத்தை மெய்யாய்க் காட்டும் இத்தகைய பாடல்கள், அதற்கு மாற்றைப் பெரும்பாலும் மறுமையிலேயே வைக்கின்றன. அதே மலைநாட்டில், கென்டக்கியைச் சார்ந்த ஹார்லன் கவுண்டியில், 1931-ல் சுரங்கத் தொழிலாளர் போராடினர். அப்பொழுது புளோரன்ஸ் ரீஸ் என்னும் தொழிலாளியின் மனைவி சுவர் நாட்காட்டித் தாளைக் கிழித்து, 'முதலாளி பக்கமா, சங்கத்தின் பக்கமா?' என ஒவ்வொருவரையும் வினவும் பாட்டொன்றை எழுதினார். அவ்வினா இத்தட்டில் இல்லை.

தோட்டத்திலும் நகரத்திலும் உழைக்கும் நம் தோழர்கள் இரண்டையும் கேட்டல் வேண்டும். கண்ணீரைத் துடைக்கும் பாட்டு வேண்டுவதே. கண்ணீரின் காரணத்தைக் கேட்கும் பாட்டு அதனினும் வேண்டுவது.